வளையும் உடலும் வளையாத மனங்களும்

"எக்ஸ்-கதிர்ப் படத்தில் ஒன்றுமில்லை, ஆகவே நோயுமில்லை" என்பது முடிவன்று, தப்பித்தல். கழுத்து வலியால் தலையை நிமிர்த்த முடியாது தவிக்கும் மாணவியைப் பார்த்து, "நடிப்பு" என்று ஆசிரியரும், "மனப்பிரமை" என்று வைத்தியரும், "சோம்பல்" என்று வீட்டாரும் தீர்ப்பளிக்கின்றனர். தாம் அறியாத ஒன்றின் பழியை, அதனால் வருந்துபவரின் தலைமேலேயே சுமத்தும் இவ்வழக்கத்தை நாம் எதிர்த்தே ஆகவேண்டும்.

மூட்டுகள் அளவு கடந்து நெகிழும் உடலமைப்போடு பிறப்போர் பலர். அவருட் பெரும்பாலோர்க்கு அதனால் துன்பமில்லை. சிலர்க்கோ, என்புகளைப் பிணைக்கும் இழையங்களின் பலவீனம் வாழ்நாள் நோயாகிறது. டென்மார்க்கின் ஏலர்ஸ் 1901 இலும் பிரான்சின் தன்லோஸ் 1908 இலும் விவரித்த நோய் இவ்வகையினது. அவ்விருவர் பெயராலேயே அது வழங்குகின்றது. 2017 இல் சர்வதேச வல்லுநர் அதனைப் பதின்மூன்று வகைகளாக வகுத்தனர். அவற்றுள் மிகுதியாகக் காணப்படும் மிகைநெகிழ்வு வகைக்கு மாத்திரம் காரணமான பரம்பரையலகு இன்னும் திட்டமாகப் புலப்படவில்லை. எனவே இரத்தப் பரிசோதனையால் அதனை நிறுவ இயலாது. இரத்தத்தில் அகப்படாத நோய் ஏழையின் சொல்லைப் போன்றது. சாட்சியின்றி எவரும் நம்புவதில்லை.

ஐரோப்பாவில் 2009 இல் வெளியான ஓர் ஆய்வு, இந்நோய் இன்னதென அறியப்படுவதற்கு ஆண்கள் நான்கு ஆண்டுகளும் பெண்கள் பதினாறு ஆண்டுகளும் காத்திருந்தனர் எனக் காட்டிற்று. நோய்க்கு ஆண்பால் பெண்பால் இல்லாதிருக்கலாம், நம்பிக்கைக்கு உண்டு! இத்தனைக்கும், 1973 இல் வகுக்கப்பட்ட பெய்ட்டன் அளவுகோல் விரல், முழங்கை, முழங்கால், முதுகு ஆகியவற்றின் வளைவை ஒன்பது புள்ளிகளால் அளக்கின்றது. அதற்கு எந்திரம் வேண்டா. சில நிமிடங்களே போதும். அது நோயை முற்றாக நிறுவாது. ஆயினும் தக்க ஐயத்தை எழுப்பும்.

கழுத்தின் நிலையை எண்ணிப் பாருங்கள். ஏறக்குறைய ஐந்து கிலோ எடையுள்ள தலையை, முள்ளந்தண்டின் மேல்முனையிலுள்ள இரு என்புகளோடு இறுகப் பிணைப்பவை இவ்விழையங்களே. அவை தளரும்போது அவற்றின் வேலையையும் தசைகளே ஏற்கின்றன. ஓய்வின்றி உழைக்கும் எந்தத் தொழிலாளிக்கும் நேர்வதே அவற்றுக்கும் நேர்கின்றது: களைக்கின்றன, இறுகுகின்றன, வலிக்கின்றன. பிடரி நோவும் தலைச்சுற்றும் கைவிறைப்பும் தொடர்கின்றன. நோயாளியைப் படுக்க வைத்து எடுக்கும் படத்தில், நிமிர்ந்திருக்கையில் நேரும் தளர்ச்சி தெரியாமற் போகலாம்.

அறியாமை நிலவும் இடத்தில் வியாபாரம் கடைவிரிக்கும். சலூன் கதிரையில் கழுத்தைத் திருகி நெட்டி முறிப்பது இவர்களுக்குப் பேராபத்து. மறுபுறம், மண்டையோட்டையும் கழுத்தென்புகளையும் உலோகத்தால் பிணைக்கும் அறுவைச் சிகிச்சை. நரம்பு நசிவு உறுதியான சிலருக்கு அது தேவைப்படலாம்; ஆனால் பிணைத்த மூட்டு மீண்டும் அசையாது, அடுத்துள்ள மூட்டுகளே பாரத்தைத் தாங்க வேண்டும். அதன் பயன்பற்றிய சான்றுகளும் இன்னும் சொற்பமே. அப்படியிருந்தும், பிரித்தானிய நோயாளர் சிலர் நன்கொடை திரட்டி அமெரிக்காவுக்கும் ஸ்பெயினுக்கும் சென்று அதனைச் செய்துகொள்கின்றனர். அவர்களைப் பழித்தல் தகாது. உள்ளூரிற் செவிமடுக்க எவருமில்லாத நிலையே பழிக்கத் தக்கது.

பெரும்பாலோர்க்கு வேண்டுவது ஆரவாரமற்ற சிகிச்சை. இவ்வுடலுக்கு மேலும் நீட்டி வளைக்கும் பயிற்சி உதவாது. கழுத்தின் ஆழ்தசைகளைச் சிறிது சிறிதாக வலுப்படுத்தும் பயிற்சியே உதவும். கழுத்துப்பட்டி குறுகிய காலத்துக்கு மட்டுமே உரியது. நெடுநாள் அணிந்தால் தசைகள் மேலும் நலியும். களைப்பதற்கு முன்னரே ஓய்வெடுத்தல் வேண்டும். கை கால் வலுவிழத்தல், நடை தள்ளாடல், சிறுநீர் கட்டுப்பாடு இழத்தல் ஆகியவை தோன்றின் உடனே வைத்தியசாலைக்குச் செல்லுதல் வேண்டும். இப்பயிற்சியை மாதக்கணக்கில், ஆண்டுக்கணக்கில் கற்பித்துத் துணைநிற்கும் இயன்மருத்துவர் தேவை. அது காசுள்ளவர்க்கு மட்டுமே கிட்டுமாயின், "பொறுமையாகப் பயிற்சி செய்" என்னும் அறிவுரை ஏழைக்குக் கேலியாகவே ஒலிக்கும்.

ஆசிரியத் தோழர்களே, நமது பங்கும் இதில் உண்டு. உடல் வில்லாய் வளையும் பிள்ளையைத் தேகப்பயிற்சி வகுப்பிற் கைதட்டி மேலும் வளையச் செய்பவர் நாம். அதே பிள்ளை சாய்மானமற்ற வாங்கில் மணிக்கணக்கில் இருக்கமுடியாது நெளிகையில் எழுந்துநிற்கத் தண்டிப்பவரும் நாமே. சாய்மானமுள்ள கதிரை, சரிவான எழுதுபலகை, பாரம் குறைந்த புத்தகப்பை, இடையிடையே எழுந்து நடக்க அனுமதி ஆகியவை சலுகைகள் அல்ல. 1945 இல் இந்நாடு இலவசக் கல்வியை ஏற்றபோது பாடசாலையின் கதவைத் திறந்தது. உள்ளே வந்த பிள்ளை வலியின்றி அமர்வதற்கும் வழிசெய்தாலன்றி அக்கதவு முழுதாகத் திறந்ததாகாது.

"நிமிர்ந்து நில்" என்று கட்டளையிடுவது எளிது. நிமிர முடியாதவனிடம் காரணம் கேட்பதும், கேட்டதை நம்புவதும், நம்பியபின் அவனுக்காக அதிகாரத்தின் முன் நாம் நிமிர்ந்து நிற்பதுமே கற்றவர் கடன்.