துவிச்சக்கர வண்டியும் தொண்டைமானாற்றுக் கரையும்

துவிச்சக்கர வண்டி வறுமையின் சின்னம் என்னும் எண்ணம் யாழ்ப்பாணத்துப் படித்தோர் பலரிடையே இன்று வேரூன்றியுள்ளது. 1990 ஆம் ஆண்டு தொடக்கம் குடாநாட்டுக்கு எரிபொருள் வருவது தடைப்பட்டிருந்த காலத்தில் ஆசிரியரும் மருத்துவரும் நோயாளரும் அதிலேயே சென்றனர். அக்காலத்தின் கசப்பு வண்டியின்மீதும் படிந்துவிட்டது. பாதை திறந்தது, மோட்டார் வண்டிகள் வந்தன, மிதித்துச் செல்வது இல்லாதவன் செயல் என்றாயிற்று. 2022 இல் எரிபொருளுக்காக நாடே வரிசையில் நின்றபோது தூசி தட்டி எடுக்கப்பட்ட வண்டிகள் பல, வரிசை குறைந்ததும் மீண்டும் மூலைக்கே சென்றன. இடுக்கண் வந்தால் மட்டும் நாடப்படும் ஒன்றாக இவ்வண்டியைக் கருதும் மனப்பான்மை தவறானது. அஃது இம்மண்ணின் இயல்புக்கு ஏற்ற ஊர்தி. அதனைக் கைவிடுவோர் தம் நிலத்தை அறியும் வழியையும் கைவிடுகின்றனர். இவ்வுண்மையை உணரத் தொண்டைமானாற்றுக் கரை மிகப் பொருத்தமான இடமாகும்.

குடாநாடு சுண்ணாம்புக் கல்லின்மேல் அமைந்த சமதரை. இங்கு மலையில்லை, வற்றாத ஆறும் இல்லை. தொண்டைமானாறு பெயரளவில் ஆறு. உண்மையில் கடலோடு கலக்கும் நீரேரி. முதலாம் குலோத்துங்க சோழனின் படைத்தலைவனான கருணாகரத் தொண்டைமான் இதனை வெட்டுவித்தான் என்பது கர்ணபரம்பரைக் கதை. மாரியில் இந்நீரேரி கண்ணுக்கெட்டிய தூரம் விரியும். கோடையில் ஒடுங்கி உவர்நிலத்தை வெளிக்காட்டும். நிலத்தில் விழும் மழைநீரோ கல்லின் வெடிப்புகளூடாகக் கீழிறங்கி, அடியிலுள்ள உவர்நீரின்மேல் மிதந்து நிற்கும். கிணறுகள் யாவும் இந்த நன்னீர்ப் படையையே நம்பியுள்ளன. புத்தூரை அடுத்த நிலாவரைக் கிணற்றில் மேலே நன்னீரும் ஆழத்தில் உவர்நீரும் இருப்பது இதற்குக் கண்கண்ட சான்று.

இத்தகைய நிலத்தை விரைந்து செல்பவன் காண்பதரிது. மலைநாட்டின் அழகு பேருந்தின் சாளரத்துக்கும் புலப்படும். சமதரையின் இயல்போ அவ்வாறு புலப்படுவதில்லை. கோப்பாய், நீர்வேலி, புத்தூர், அச்சுவேலி வழியாகத் தொண்டைமானாற்றுக்குக் காரில் செல்பவனுக்கு வழி முழுவதும் ஒரே வெளியாகத் தோன்றும். மிதித்துச் செல்பவனோ செம்மண்ணும் வாழைத் தோட்டமும் முடிந்து பனையும் உவர்வெளியும் தொடங்கும் இடத்தை அறிவான். சோளகமும் வாடையும் எத்திசையிலிருந்து வருகின்றன என்பதை அவன் நூலிற் படிக்க வேண்டியதில்லை; வல்லை வெளியில் எதிர்க்காற்றிற்பட்ட அவன் கால்களே அதனைச் சொல்லும். தொண்டைமானாற்று அணையருகே இறங்கி, ஒருபுறம் கடலையும் மறுபுறம் நீரேரியையும் நோக்கி நிற்பவனுக்கு, இவ்விரண்டையும் எதற்காகப் பிரித்தனர் என்னும் வினா தானே எழும். நீரேரியை நன்னீராக்கிக் கிணறுகளைக் காக்கும் நோக்குடன் இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் இங்கு அணை கட்டப்பட்டதும், 1954 இல் பொறியியலாளர் எஸ். ஆறுமுகம் ‘யாழ்ப்பாணத்துக்கு ஓர் ஆறு’ என்னும் திட்டத்தை முன்வைத்ததும், அணையின் பலகைக் கதவுகள் பழுதுற்று உவர்நீர் மீளப் புகுந்ததும் அவ்வினாவுக்குரிய விடைகளாகும். வினாவே எழாதவனுக்கு விடைகளால் யாது பயன்?

வீதி அகன்றால் ஊர் வளரும் என்பர் ஒரு சாரார். அகன்ற வீதியில் முதலில் வருவது யாது? மணலும் கல்லும் ஏற்றிய டிப்பர் வண்டி. கரையிலுள்ள மணலையும் நிலத்திலுள்ள கல்லையும் அள்ளிச் செல்லும் வண்டிக்காக வீதியை அகலமாக்குதல் வளர்ச்சியாகுமா? 1950 இல் தொடங்கி 1990 இல் மூடப்பட்ட காங்கேசன்துறைச் சீமெந்துத் தொழிற்சாலைக்காகக் கல் அகழப்பட்ட பள்ளங்கள் வலிகாமம் வடக்கிற் கிடக்கின்றன. சுன்னாகத்தில் மின்நிலைய எண்ணெய்க் கழிவு கிணறுகளைச் சென்றடைந்த வழக்கில் 2019 இல் உயர் நீதிமன்றம் நட்டஈடு விதித்தது. மேலே சிந்தியதைக் கீழே கொண்டுசெல்வது இக்கல்லின் தன்மை. இதனை அறிந்தும் நீரேரிக் கரையைக் கனரக வண்டிகளுக்குத் திறந்துவிடுவது தன் கிணற்றில் தானே நஞ்சிடுவதை ஒக்கும்.

நோயாளர் வண்டிக்கும் விளைபொருள் ஏற்றும் வண்டிக்கும் வழி வேண்டாமா என வினவுவர். வேண்டும், அதனை எவரும் மறுப்பதில்லை. ஆனால் நெடுவழிப் போக்குவரத்துக்குப் பெருவீதிகள் உள்ளன. நீரேரியைச் சூழ்ந்த சிறு வீதிகளில் வேகத்தைக் கட்டுப்படுத்தி, டிப்பர் வண்டிகளை விலக்கினால் எந்த நோயாளியும் இடர்ப்படான். வெயில் கொடிதென்பாரும் உளர். வயலுக்கும் கடலுக்கும் செல்வோர் அறிந்த விடியற்பொழுதை மாணவர் அறியலாகாதா? ஒல்லாந்து மிதிப்போரின் நாடு, இது வேறு என்பாரும் உளர். 1658 முதல் 1795 வரை யாழ்ப்பாணத்தை ஆண்ட அந்த ஒல்லாந்தரின் நாட்டிலும் வீதிகள் மோட்டார் வண்டிகள் வசமாகிக் கொண்டிருந்தன. 1970களில், வீதிகளிற் குழந்தைகள் மாள்வதைப் பொறாத பெற்றோரும் பொதுமக்களும் கிளர்ந்தெழுந்தே அவற்றை மீட்டனர். அவர்தம் மிதிபாதைகள் இயற்கையின் கொடையல்ல; போராடிப் பெற்றவை.

தமிழகத்தின் புதுக்கோட்டையில் 1990களின் தொடக்கத்தில் அறிவொளி இயக்கம் பெண்களுக்கு எழுத்துடன் சைக்கிளும் கற்பித்தது. இரண்டையும் விடுதலைக்கான கருவிகளாகவே அது கண்டது. அறிவை வளர்ப்பதே தம் பணியென்னும் பல்கலைக்கழகத்தாரோ வெளிக்களப் பயணமென்றால் வாடகைப் பேருந்தையே நாடுகின்றனர். பாட்டொலி முழங்க நிலாவரையில் பத்து நிமிடமும் செல்வச் சந்நிதியில் அரை மணியும் நின்று மீளும் பயணம் கல்வியாகாது. அதே சந்நிதியிலிருந்து கதிர்காமம்வரை கால்நடையாகச் செல்லும் அடியார், தாம் கடக்கும் நிலத்தைப் பட்டம் பெற்றோரினும் நன்கறிவர்.

ஆதலின் இரண்டு செய்தல் வேண்டும். நீரேரிக் கரை வீதிகளை மெல்லச் செல்வோர்க்குரியவையாக உள்ளூராட்சி மன்றங்கள் வரையறுத்துக் காத்தல் வேண்டும். மாணவர் மன்றங்கள் ஆண்டுக்கொரு முறையேனும், மாரி ஓய்ந்து நீரேரி நிறைந்திருக்கும் தை மாதத்தில், மாணவரைத் துவிச்சக்கர வண்டியில் தொண்டைமானாற்றுக்கு அழைத்துச் செல்லல் வேண்டும். கிணற்றுநீர் உவர்த்த பின்னர் ஆய்வரங்குகள் கூட்டுவதினும், அது நன்னீராயிருக்கும்போதே அதன் வழியைக் கண்டறிந்து காப்பது நன்று.