இப்போ என்ன நிலைன்னு மட்டும் கேட்டா போதாதுங்க

1/ திருப்பூர் பனியன் கம்பெனியில வேலை செய்யும் ஒரு தம்பி. காசநோய்க்கு மாத்திரை எடுக்கிறார். கணினிப் பட்டியலில் அவர் பெயருக்கு நேரே "சிகிச்சையில்". பார்த்தால் எடை ஏறவே இல்லை. துருவிக் கேட்டதும், "ஊருக்குப் போயிட்டனுங்க டாக்டர், மூணு வாரம் மாத்திரை இல்லீங்க" என்றார்.

2/ நடுவில் நிறுத்தியதும் பதிவாகித்தான் இருந்தது. திரும்ப வந்ததும் நிலையை மாற்றிவிட்டார்கள். ஒரு நாள்கூட தவறாமல் சாப்பிட்டவரும் இவரும் பட்டியலில் ஒன்றுதான்!

3/ சரவணம்பட்டியில் ஐடி வேலையில் இருக்கும் தம்பியிடம் புலம்பினேன். "இதுக்கு எங்க ஜிராவுல வழி இருக்குங்கண்ணா" என்றார். இப்போதைய நிலையைத் தேடுவது ஒன்று. "ஸ்டேட்டஸ் வாஸ்" என்று கேட்டால், முன்பு எப்போதாவது அந்த நிலையில் இருந்தவையும் வரும். "சேஞ்ச்டு" என்று கேட்டால் எதிலிருந்து எதற்கு, எந்தத் தேதிக்குள், யார் மாற்றினார் என்பது வரை தேடலாம். முடிந்ததாக மூடி மறுபடி திறந்த வேலைகளை இப்படித்தான் பிடிக்கிறார்களாம்.

4/ நமக்கும் அதே கேள்விதான். "கடந்த 3 மாதத்தில் நிறுத்தி, மறுபடி தொடங்கியவர்கள் யார் யார்?" ஒவ்வொருவர் பதிவாகத் திறந்து பார்த்தால் வரலாறு தெரியும். ஆயிரம் பேரை அப்படிப் பார்க்க எந்த செவிலியருக்கு நேரம் இருக்கு?

5/ சாதாரண காசநோய்க்கே 6 மாத சிகிச்சை. விட்டு விட்டுச் சாப்பிட்டால் கிருமி மருந்துக்கு அடங்காமல் போகலாம். இறப்புகளில் பெரும்பகுதி முதல் 2 மாதத்துக்குள்ளேயே நடக்கிறது. 2022ல் தமிழ்நாடு தொடங்கிய காசநோய் இறப்பில்லாத் திட்டம், நோய் கண்டதுமே எடை, மூச்சு, ஆக்ஸிஜன் பார்த்து ஆபத்தானவர்களைப் பிரிப்பது இதற்காகத்தான். அங்கேயும் கேள்வி, கண்டுபிடித்த நாளுக்கும் படுக்கையில் சேர்த்த நாளுக்கும் இடையே எத்தனை நாள்? அதற்கு இரண்டு தேதியும் வேணும்.

6/ ஒரு எச்சரிக்கை. "யார் மாற்றினார்" என்ற தேடலை வைத்து களப்பணியாளருக்கு மெமோ கொடுத்தால், அடுத்த மாதம் யாரும் "நிறுத்திவிட்டார்" என்று பதியவே மாட்டார்கள். பட்டியல் பளிச்சென்று இருக்கும், நோயாளி காணாமல் போயிருப்பார். இது நோயாளியைத் தேடத்தான், ஆளைப் பிடிக்க அல்ல.

7/ மருத்துவ மென்பொருள் எழுதும் கோவைத் தம்பி தங்கைகளே, பழைய நிலையை அழித்து எழுதாதீங்க. தேதியோடு வையுங்க, தேடவும் வழி விடுங்க. மாத்திரையை விட்டவங்க யாராவது வீட்டுப் பக்கம் இருந்தா, திட்டாம கூட்டிட்டு வாங்க. 🙏