வடக்கு நோக்கி ஒரு நடை

பள்ளிகளிலிருந்து சென்னைக்குப் புறப்படும் கல்விச் சுற்றுலாவின் நிரல் பெரும்பாலும் ஒன்றுபோலவே அமைகிறது. காலையில் வண்டலூர் உயிரியல் பூங்கா, நண்பகலில் பிர்லா கோளரங்கம், பிற்பகலில் எழும்பூர் அருங்காட்சியகம், மாலையில் மெரினா கடற்கரை, இரவில் ஊர் திரும்பல். இவை அனைத்தும் காணத்தக்கனவே. 1851-ஆம் ஆண்டு தொடங்கப்பெற்ற அருங்காட்சியகத்தின் செப்புத்திருமேனிகளைக் காணாமல் திரும்புவது பேரிழப்பு. கடலை முதன்முறையாகக் காணும் பிள்ளையின் வியப்பை விலைமதிக்க இயலாது. ஆயினும், இந்நிரலை மட்டும் முடித்துத் திரும்பும் மாணவர், 'சென்னையைப் பார்த்துவிட்டேன்' என்று கூற இயலுமா? அந்நகரை எழுப்பியவர் யாவர், அவர்தம் தொழில் யாது, அவர்கள் எங்கு வாழ்ந்தனர் என்னும் வினாக்களுக்கு அவரிடம் விடை இராது. அவ்விடை நகரின் வடபகுதியில் இருக்கிறது. எனவே, சென்னைச் சுற்றுலாவில் அரைநாளேனும் வடசென்னைத் தெருக்களுக்கு ஒதுக்கப்பட வேண்டும் என்பது என் துணிபு.

எல்லைத்தூண் உரைக்கும் வரலாறு

நடையைப் பாரிமுனையில் தொடங்கலாம். அங்குள்ள பெரிய அலுவலகக் கட்டடம் ஒன்றின் ஓரத்தில் பழைய கல்தூண் ஒன்று நிற்கிறது. நாள்தோறும் ஆயிரக்கணக்கானோர் அதனைக் கடந்து செல்கின்றனர். நின்று பார்ப்போர் மிகச் சிலரே. அது 1773-இல் நடப்பட்ட எல்லைத்தூண்களுள் எஞ்சிய ஒன்று.

கிழக்கிந்தியக் கம்பெனியார் புனித ஜார்ஜ் கோட்டைக்குள் தாம் வாழ்ந்த பகுதியை 'வெள்ளையர் நகரம்' என்றும், கோட்டைக்கு வெளியே இந்நாட்டவர் வாழ்ந்த பகுதியைக் 'கறுப்பர் நகரம்' என்றும் அழைத்தனர். 1746-இல் பிரெஞ்சுப் படை கோட்டையைக் கைப்பற்றியது. அதன்பின், பகைவர் மறைந்து வருவதற்கு இடம் இருத்தலாகாது என்று கருதி, கோட்டையை ஒட்டிய குடியிருப்புகள் அகற்றப்பட்டன. அவ்வெளியில் எவரும் மீண்டும் கட்டடம் எழுப்பாதிருக்கவே எல்லைத்தூண்கள் நடப்பட்டன. வெளியேற்றப்பட்ட மக்கள் அவ்வெல்லைக்கு வடக்கே புதிய நகரை எழுப்பினர். இன்று 'ஜார்ஜ் டவுன்' என வழங்குவது அதுவே. வெறுமையாக்கப்பட்ட நிலத்தில் பின்னாளில் சென்னை உயர்நீதிமன்றம் எழுந்தது. ஒற்றைக் கல்தூண் இத்தனை செய்திகளையும் தாங்கி நிற்கிறது.

தெருப்பெயர்களைப் படித்தல்

வடசென்னையில் தெருப்பெயர்களைப் பொருளறிந்து படித்தலே ஒரு வரலாற்றுப் பாடமாகும். ஆர்மீனியன் தெருவுக்குள் நுழைந்தால், 1772-இல் கட்டப்பட்ட ஆர்மீனியர் தேவாலயத்தைக் காணலாம். தொலைநாட்டிலிருந்து வணிகம் செய்ய வந்த அம்மக்கள் இங்கே வாழ்ந்து, இங்கேயே மறைந்தனர். உலகின் முதல் ஆர்மீனிய மொழி இதழ் 1794-இல் சென்னையில்தான் அச்சாயிற்று. பவழக்காரத் தெருவோ, மத்தியதரைக்கடல் பவழத்தைக் கொணர்ந்து விற்று, இந்நாட்டு வைரத்தை வாங்கிச்சென்ற யூத வணிகரை நினைவூட்டுகிறது. நாணயம் அச்சிடப்பட்ட இடத்தால் பெயர்பெற்றது தங்கசாலைத் தெரு. அத்தெருவில் சிறிது தொலைவு நடந்தால் தமிழ், தெலுங்கு, குஜராத்தி, மார்வாரி எனப் பல மொழிகள் காதில் விழும்.

சற்று வடக்கே உள்ளது ஏழுகிணறு. கோட்டையில் இருந்தோர்க்குக் குடிநீர் அளிக்க 1772-இல் இங்குக் கிணறுகள் தோண்டப்பட்டன. நகரத்தின் தண்ணீர் எங்கிருந்து வருகிறது, யாருக்குச் செல்கிறது என்னும் வினா அன்றும் இருந்தது என்பதை இப்பெயர் உணர்த்துகிறது. 'வாடிய பயிரைக் கண்டபோதெல்லாம் வாடியவர்' என நாம் போற்றும் வள்ளலார் இளமை முதல் பல்லாண்டுகள் வாழ்ந்ததும் இப்பகுதியிலேதான். இங்கிருந்து அவர் நடந்துசென்று வழிபட்ட கந்தகோட்டம் இன்றும் கடைவீதிகளின் நடுவே உள்ளது. கம்பெனியார் கப்பலேற்றிய துணிகளை வெளுத்துத் தந்த தொழிலாளர் வாழ்ந்த பகுதி வண்ணாரப்பேட்டை. ஐரோப்பிய அங்காடிகளில் புகழ்பெற்ற சென்னைத் துணியின் வெண்மைக்குப் பின்னால் அவர்களின் கைகள் இருந்தன. கோட்டைக்குள் ஆண்ட ஆளுநர்களின் பெயர்கள் நூல்களில் உள்ளன. இவர்களின் பெயர்களோ எங்கும் எழுதப்படவில்லை. ஓர் ஊர்ப்பெயர் மட்டுமே அவர்களுக்கு நினைவுச்சின்னம்.

உழைப்பால் எழுந்த நகரம்

இராயபுரம் தொடர்வண்டி நிலையம் அடுத்துக் காணத்தக்கது. தென்னிந்தியாவின் முதல் பயணியர் தொடர்வண்டி 1856 ஜூலை 1 அன்று இங்கிருந்து வாலாஜா ரோடு நோக்கிப் புறப்பட்டது. சென்னை சென்ட்ரலும் எழும்பூரும் தோன்றுவதற்கு முன்னரே இந்நிலையம் இயங்கியது. இந்தியாவில் இன்றும் நிலைத்திருக்கும் நிலையக் கட்டடங்களுள் மிகப் பழையதும் இதுவே. ஆயினும், தமிழகத்தின் பிற மாவட்டங்களிலிருந்து தொடர்வண்டியில் வந்திறங்கும் மாணவர்களில் எத்தனை பேர் இதன் பெயரையேனும் கேட்டிருப்பர்?

அருகே காசிமேடு மீன்பிடித் துறைமுகம். விடியும் முன்பே விசைப்படகுகள் கரை சேர்கின்றன. ஏலக்குரல் எழுகிறது. கூடைகள் கைமாறுகின்றன. நகரம் விழித்தெழும்போது இவர்களின் வேலை பாதி முடிந்துவிடுகிறது. மேற்கே, பெரம்பூரை ஒட்டிய பஞ்சாலைகளின் தொழிலாளர்களை அடித்தளமாகக்கொண்டு 1918-இல் சென்னைத் தொழிலாளர் சங்கம் உருவாயிற்று. இந்தியாவில் முறையாக அமைந்த முதல் தொழிற்சங்கமாக அது மதிக்கப்பெறுகிறது. பி.பி. வாடியா அதற்குத் தலைமை தாங்கினார், தமிழ்த்தென்றல் திரு.வி.க. உறுதுணையாக நின்றார். பணிநேரம், ஓய்வு, மாந்த மாண்பு ஆகியவற்றுக்காக எழுந்த குரலின் தொடக்கத்தை அறிய விரும்புவோர்க்கு இத்தெருக்கள் திறந்த நூலாகும்.

எழக்கூடிய தடைகள்

'அங்கே பார்ப்பதற்கு என்ன இருக்கிறது? நெரிசலும் குறுகிய சந்துகளுந்தாமே?' என்று சிலர் கேட்கக்கூடும். கண்ணைக் கவரும் காட்சியை மட்டும் தேடுவோர்க்கு இக்கேள்வி இயல்பே. ஆனால், கல்விச் சுற்றுலா என்னும் தொடரில் 'கல்வி' என்பது முதற்சொல் என்பதை நாம் மறத்தலாகாது. 'அப்பகுதி பாதுகாப்பானதா?' என்பது மற்றொரு வினா. இவ்வச்சத்தின் பெரும்பகுதி திரைப்படங்கள் விதைத்தது. வடசென்னை என்றாலே அரிவாளும் வன்முறையும் எனக் காட்டிய படங்கள் பல. அங்கே விடியற்காலையில் வேலைக்குச் செல்வோரையும், விளக்கடியில் படிக்கும் பிள்ளைகளையும், குத்துச்சண்டையும் கால்பந்தும் பயிலும் இளைஞர்களையும் காட்டியவை சில. ஓர் ஊரைப் பற்றிப் பிறர் சொன்னதை நம்பி அவ்வூர் மக்களை அஞ்சுவதும் இகழ்வதும் கற்றவர்க்கு அழகன்று. நேரில் சென்று காண்பதே அவ்விகழ்ச்சிக்கு மருந்து.

நேரமும் செலவும் தடையாகா. மெட்ரோ தொடர்வண்டி இன்று உயர்நீதிமன்றம், மண்ணடி, வண்ணாரப்பேட்டை ஆகிய இடங்கள் வழியாகச் செல்கிறது. இங்குக் கூறியவை அனைத்தையும் ஒரே நாளில் காண வேண்டும் என்பதும் இல்லை. பத்து இடங்களை ஓடி ஓடிப் பார்ப்பதைவிட, இரண்டு தெருக்களை நிதானமாக நடந்து பார்ப்பது நெஞ்சில் நிற்கும்.

காண்போர் கடைப்பிடிக்க வேண்டியவை

மாணவர்களே, இங்கு ஒன்றை அழுத்தமாகக் கூற விரும்புகிறேன். மக்கள் வாழும் தெரு பொருட்காட்சி அன்று. அங்கே உள்ள திண்ணை ஒருவர் வீட்டின் முகப்பு; அங்கே காயும் வலை ஒருவரின் பிழைப்பு. ஒப்புதல் இன்றி எவரையும் திறன்பேசியில் படமெடுத்தல் முறையன்று. வறுமையை வேடிக்கை பார்ப்பது அதனினும் இழிவு. வேலைக்கு இடையூறு செய்யாமல், 'ஐயா', 'அம்மா' என அழைத்துப் பணிவுடன் வினவினால், தம் ஊரின் கதையைச் சொல்ல விரும்பாதவர் அரியர். புறப்படுமுன் மூன்று வினாக்களைக் குறிப்பேட்டில் எழுதிக்கொள்ளுங்கள்: இவ்விடத்துக்கு இப்பெயர் எவ்வாறு வந்தது? இங்குள்ளோர் செய்த தொழில் யாது? இன்று அது என்னவாயிற்று? சென்னைக்கு மட்டுமன்று, மதுரைக்கும் கோவைக்கும் கொல்கத்தாவுக்கும் இவ்வினாக்கள் பொருந்தும்.

இன்னும் சில ஆண்டுகளில் உங்களுள் பலர் உயர்கல்விக்காகவோ பணிக்காகவோ பெருநகரங்களில் குடியேறுவீர்கள். அப்போது நீங்கள் வாடகைக்குத் தங்கும் அறையும், பயணம் செய்யும் வண்டியும், பசியாறும் சிற்றுண்டிக் கடையும் பெயரறியாத எத்தனையோ பேரின் உழைப்பால் இயங்கும். அவர்களை அறிந்து வாழ்வோரே அந்நகரின் உண்மையான குடிமக்கள் ஆவர். அந்த அறிதலுக்கு, பள்ளிப் பருவத்தில் வடக்கு நோக்கி நடக்கும் அரைநாள் நல்ல தொடக்கமாக அமையும்.