காலி நாற்காலிக்கு என்ன விலை?

அமெரிக்கக் கல்லூரிக் கூடைப்பந்து என்றதும் எல்லாருக்கும் ஞாபகம் வருவது மார்ச் மாதம்தான். நாடே பைத்தியம் பிடித்த மாதிரி டிவி முன்னால் உட்கார்ந்திருக்கும். ஆனால் டிசம்பரில் ஒரு செவ்வாய்க்கிழமை ராத்திரி, யாருக்கும் பெயர் தெரியாத ஒரு சின்னக் கல்லூரியோடு மேட்ச் நடக்கும்போது கேமரா கொஞ்சம் மேலே திரும்பினால் போதும்... வரிசை வரிசையாகக் காலி நாற்காலிகள். மறுநாள் பேப்பரில் மட்டும் கூட்டம் அமோகம் என்று இருக்கும். பல இடங்களில் எண்ணப்படுவது விற்ற டிக்கெட்டைத்தான், உள்ளே வந்த தலைகளை இல்லை!

சரி, கொஞ்சம் கணக்குப் பார்ப்போம்.

அரங்கத்துக்கு விளக்கு போட்டாச்சு, காவலுக்கு ஆள் நிறுத்தியாச்சு, நடுவருக்குச் சம்பளம் பேசியாச்சு. இதெல்லாம் நிலையான செலவு. இன்னும் ஒருவர் உள்ளே வந்து உட்கார்ந்தால் கூடுதலாக ஆகும் செலவு? கிட்டத்தட்ட பூஜ்யம். பி.காம் முதல் வருடத்தில் சொல்லிக்கொடுக்கும் இறுதிநிலைச் செலவு இதுதான். பந்தை மேலே எறிந்த நிமிடம் அந்த சீட்டின் ஆயுசு முடிந்தது. நாளைக்கு எடுத்து வைத்து விற்க முடியாது. பொழுது சாய்ந்தால் முழத்தை நீட்டி அளக்கும் பூக்காரம்மாவுக்குத் தெரிந்த இந்த விஷயம், பெரிய பெரிய பல்கலைக்கழகங்களின் விளையாட்டுத் துறைகளுக்குத் தெரியாதா என்ன? தெரியும். ஆனாலும் விலையை இறக்க மாட்டார்கள்.

கேட்டால் இரண்டு காரணம் சொல்வார்கள். ஒன்று, சீசன் முழுக்க முன்பணம் கட்டியவர் கோபித்துக்கொள்வார். இரண்டு, ஒரு தடவை இறக்கினால் அடுத்த தடவை எல்லாரும் கடைசி நிமிடம் வரை காத்திருப்பார்கள்.

இரண்டுமே நியாயமான பயம்தான். ஆனால் இதற்கு மருந்து 2013-லேயே கண்டுபிடித்தாகிவிட்டது. நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகத்தின் பொருளாதாரப் பேராசிரியர்கள் ஜெஃப் ஈலியும் சந்தீப் பாலிகாவும் சேர்ந்து ஒரு முறையை உருவாக்கினார்கள். பெயர் 'பர்ப்பிள் பிரைசிங்'. டிக்கெட் அதிக விலையில் ஆரம்பிக்கும். விற்காவிட்டால் ஆட்ட நாள் நெருங்க நெருங்க விலை இறங்கும், ஏறவே ஏறாது. முக்கியமான விஷயம் இனிமேல்தான்: கடைசியில் எந்த விலைக்கு இறங்கியதோ, முன்னாடியே வாங்கியவருக்கும் அதே விலைதான். மிச்சப் பணம் திரும்ப வந்துவிடும். அப்புறம் எதற்குக் காத்திருக்க வேண்டும்? சீக்கிரம் வாங்கியவன் ஏமாளி என்ற பேச்சுக்கே இடமில்லை. 2017 வரை ஒரு தடவை கூட மார்ச் போட்டிக்குத் தகுதி பெறாத அணியின் ஆட்டங்களுக்கு இப்படி விற்றுப் பார்த்தார்கள். பெரிய அணிகளுக்கு மட்டும் என்ன தடை?

"விலையை இறக்கினால் மதிப்பு போய்விடும்" என்பது இன்னொரு சப்பைக்கட்டு. ஸ்டப்ஹப் போன்ற மறுவிற்பனைத் தளங்கள் 2000-லிருந்தே இருக்கின்றன. கவுண்டரில் 40 டாலர் என்று எழுதியிருக்கும் சீட்டுக்குப் பக்கத்து சீட்டையே, வர முடியாத ஒருவர் அங்கே 8 டாலருக்குத் தள்ளிவிடலாம். விலை எப்போதோ விழுந்துவிட்டது. கவுண்டரில் உட்கார்ந்திருப்பவருக்கு மட்டும் அது தெரியாது!

உண்மையான காரணம் வேறு. நல்ல சீட்டுகள் பல இடங்களில் டிக்கெட்டாக மட்டும் விற்கப்படுவதில்லை. முதலில் பல்கலைக்கழகத்துக்கு 'நன்கொடை' கொடுக்க வேண்டும், அதற்கப்புறம்தான் டிக்கெட் வாங்கும் உரிமையே. 2017 வரை இந்த நன்கொடையில் 80 சதவீதத்துக்கு வருமான வரிச் சலுகை வேறு! 2018-லிருந்துதான் அது நின்றது. அதாவது பணக்காரர் கோர்ட் ஓரம் உட்கார, ஆட்டமே பார்க்காதவனும் வரிப்பணத்தில் பங்கு கொடுத்துக்கொண்டிருந்தான். அப்படி வாங்கிய சீட்டில் அவர் வராமல் போனாலும் யாரும் கேட்பதில்லை.

இன்னொரு பக்கம், மாணவன். பல பல்கலைக்கழகங்களில் படிப்புக் கட்டணத்தோடு விளையாட்டுக் கட்டணமும் சேர்த்து வாங்கிவிடுகிறார்கள். கல்விக் கடன் வாங்கிப் படிப்பவனும் கட்டியே ஆக வேண்டும். ஆட்டம் பார்க்கிறானோ இல்லையோ, அந்தக் காலி நாற்காலிக்கு அவன் ஏற்கெனவே காசு கொடுத்தாகிவிட்டது. அவனை மேல் மூலையில் உட்காரவைத்துவிட்டு, கீழே காலியாக இருக்கும் சீட்டுக்கு மறுபடி காசு கேட்பது எந்த ஊர் நியாயம்?

மாணவர்களுக்கு இலவசமாகக் கொடுத்தாலும் வருவதில்லையே என்பார்கள். எங்கே கொடுத்தீர்கள் என்பதுதான் கேள்வி. டியூக் பல்கலைக்கழகத்தின் கேமரன் அரங்கில் மொத்தமே 9,314 இடங்கள். ஆனால் கோர்ட் ஓரம் மாணவர்களுக்கு. அங்கே இடம் பிடிக்க வாரக்கணக்கில் கூடாரம் போட்டுத் தூங்குகிறார்கள்! பக்கத்திலேயே வடக்கு கரோலினா பல்கலைக்கழகம், இருபதாயிரத்துக்கு மேல் இடங்கள், கீழ்த்தளம் நன்கொடையாளர்களுக்கு. 1991-ல் அங்கே வந்து ஜெயித்த ஃபுளோரிடா ஸ்டேட் வீரர் சாம் கேசெல், அந்தச் சத்தமில்லாத கூட்டத்தை 'சீஸும் வைனும்' கூட்டம் என்று கிண்டலடித்துவிட்டுப் போனார். இத்தனை வருடம் கழித்தும் அந்தப் பெயர் போகவில்லை.

இப்போது நிலைமை இன்னும் மோசமாகப் போகிறது. 2025 ஜூனில் நீதிமன்றம் ஏற்றுக்கொண்ட சமரசப்படி, ஒரு பல்கலைக்கழகம் தன் வீரர்களுக்கு வருடத்துக்குச் சுமார் 2.05 கோடி டாலர் வரை நேரடியாகக் கொடுக்கலாம். வீரர்களுக்குக் காசு போவது நல்ல விஷயம், ரொம்ப நாள் பாக்கி அது. ஆனால் அதைக் காட்டியே விலை ஏற ஆரம்பித்துவிட்டது. டென்னசி பல்கலைக்கழகம் 2024-லேயே, அடுத்த வருட அமெரிக்கக் கால்பந்து சீசன் டிக்கெட்டுகளுக்கு 10 சதவீதம் 'திறமைக் கட்டணம்' என்று அறிவித்தது. கூடைப்பந்துக்கு வர எவ்வளவு நாள் ஆகும்?

செய்ய வேண்டியது பெரிய கம்ப சூத்திரம் இல்லை. விற்கிற வரை பர்ப்பிள் முறையில் விற்கட்டும். ஆட்டத்துக்கு ஒரு மணி நேரம் முன்னால் மீதியிருக்கும் சீட்டுகளை மாணவர்களுக்கும் அந்த ஊர்ப் பள்ளிப் பிள்ளைகளுக்கும் சும்மா கொடுக்கட்டும், கீழ்த்தள சீட்டு உட்பட. சும்மா வந்தவன் பாப்கார்ன் வாங்குவான், கத்துவான், இருபது வருடம் கழித்துக் குடும்பத்தோடு காசு கொடுத்தும் வருவான்.

காலி நாற்காலி கை தட்டாது. அடுத்த வருடம் டிக்கெட்டும் வாங்காது.