உறை ஒட்டாத கடிதம்

முகவரிக் கதையை நமக்கு யாரும் சொல்லித்தரத் தேவையில்லை. பசறையோ ஹப்புத்தளையோ, லயத்துக்குத் தனி முகவரி இல்லாமல் கடிதமெல்லாம் தோட்ட ஆபீஸ் வழியாகத்தானே வந்தது? யாருக்கு எங்கிருந்து வருகிறது என்று ஆபீசுக்குத்தான் முதலில் தெரியும்.

நம்ம போனிலும் அதேதான். ஒரு தளத்தின் பெயரை அடித்ததும், அதன் இலக்க முகவரியை போன் டிஎன்எஸ் சேர்வரிடம் கேட்கும். வழக்கமாக அந்தக் கேள்வி உறை ஒட்டாத கடிதம் மாதிரிப் போகும். இடையில் இருப்பவர் வாசிக்கலாம், பதிலைக்கூட மாற்றலாம். 2018இல் வந்த ஆண்ட்ராய்டு 9 முதல், செட்டிங்ஸில் நெட்வொர்க் பக்கம் 'பிரைவேட் டிஎன்எஸ்' இருக்கிறது. அதில் நம்பும் சேர்வரின் பெயரைப் போட்டால் உறை ஒட்டியாச்சு.

ஆனால் இது விபிஎன் இல்லை. 2019 ஏப்ரலிலும் 2022 ஏப்ரல் 3இலும் பேஸ்புக், வாட்ஸ்அப்பை முடக்கினார்களே, அப்படிப்பட்ட நேரத்தில் பெயரை மட்டும் மறித்தால் இது உதவலாம். ஐபி முகவரியையே மறித்தால் உதவாது. எந்தப் பக்கம் போகிறோம் என்பதை சிம் கம்பனி வேறு வழியிலும் கண்டுகொள்ளும். கூகுள் சேர்வரைப் போட்டால் கேள்வியெல்லாம் கூகுளுக்குப் போகும். ஆபீஸ் மாறுகிறது, அவ்வளவுதான். இருந்தும், எந்த ஆபீஸ் என்பதை இந்த முறை நாமே தெரிவு செய்கிறோம். பதுளை டவுனில் ஓசி வைஃபையில் ஏறுகிறவர்கள் கட்டாயம் போடுங்கள்.

ஒரு விஷயம். அந்த சேர்வர் எட்டவில்லையென்றால் நெட் மொத்தமாக நின்றுவிடும். அம்மாவின் போனில் போட்டுவிட்டுக் கொழும்புக்கு பஸ் ஏறுமுன், திரும்ப 'ஓட்டோமெட்டிக்'கில் வைக்கவும் அவருக்குச் சொல்லிக்கொடுங்கள்.