ரெய்டு போட்டா மட்டும் போதுமா சாமி?

ரெய்டு என்றால் நம்ம ஊரில் வருமான வரிக்காரர்கள் வருவது. கம்ப்யூட்டர்காரர்களுக்கு அது வேறு சங்கதி. பல ஹார்ட் டிஸ்க்குகளைச் சேர்த்து ஒரே டிஸ்க் மாதிரி ஓட்டும் ஏற்பாடு. 1988-ல் அமெரிக்காவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் பேட்டர்சன், கிப்சன், கேட்ஸ் என்ற மூன்று பேர் ஒரு கட்டுரையில் எழுதியது. விலை குறைந்த சின்ன டிஸ்க்குகளைக் கூட்டுச் சேர்த்தால் ஒரு பெரிய விலையுயர்ந்த டிஸ்க்கின் வேலையை வாங்கலாம், அதில் ஒன்று செத்தாலும் மற்றது தாங்கும். அருமையான யோசனை. எனக்கு அதன் மேல் கோபமே இல்லை. "ரெய்டு போட்டாச்சு சார், இனி பேக்கப்பே வேண்டாம்" என்று சொல்லி விற்கிறார்கள் பாருங்கள், அவர்கள் மேல்தான் கோபம்.

குருபரப்பள்ளிப் பக்கம் ஒரு சின்னப் பட்டறை. ஓசூர் கம்பெனிகளுக்கு உதிரி பாகம் கடைந்து கொடுப்பவர்கள். நான் பயிற்சிக்குப் போயிருந்தேன். மூலையில் ஒரு சர்வர், அதில் ரெண்டு டிஸ்க், ரெய்டு 1. மிஷின்களுக்கான சிஎன்சி புரோகிராம், டிராயிங், கணக்கு எல்லாம் அதில்தான். மாட்டிக் கொடுத்தவர் "ரெண்டு காப்பி இருக்கு சார், நிம்மதியா தூங்குங்க" என்றார். பக்கத்தில் நின்று நானும் தலையாட்டினேன். பரீட்சையில் ரெய்டு பற்றி நாலு பக்கம் எழுதியவனாச்சே!

ஒரு நாள் ஆபீஸ் அக்கா இடம் பத்தவில்லை என்று பழைய ஃபோல்டர் ஒன்றை அழித்தார். அது பழையது இல்லை. விஷயம் தெரிந்தது மூன்று வாரம் கழித்து. அதற்குள் அந்த இடத்தில் புது ஃபைல்கள் வந்து உட்கார்ந்துவிட்டன. மீட்பு மென்பொருள் போட்டதில் பாதி வந்தது, வந்ததிலும் பாதி திறக்கவில்லை. மறுபடி ஒவ்வொரு புரோகிராமாக எழுதி, ஓட்டிப் பார்த்து... ஒரு மாசம் போச்சு. திட்டு எல்லாம் அந்த அக்காவுக்கு. வேலையே போயிருக்கும். அழுதுகொண்டே இருந்தார்.

"அந்த ரெண்டாவது காப்பி என்ன ஆச்சு தம்பி?" என்று முதலாளி என்னைக் கேட்டார். பதில் சொல்ல வெட்கமாக இருந்தது. ரெய்டு 1 என்பது கண்ணாடி. இங்கே எழுதினால் அங்கேயும் எழுதும். இங்கே அழித்தால் அதே நொடியில் அங்கேயும் அழிக்கும். கண்ணாடியில் தெரியும் மாம்பழத்தை எடுத்துச் சாப்பிட முடியுமா?

ரெய்டு காப்பாற்றுவது ஒரே ஒரு ஆபத்திலிருந்து: டிஸ்க் சாவது. ஆள் தவறாக அழிப்பது, வைரஸ், திருட்டு, தீ, வெள்ளம், தாறுமாறான கரண்ட், எதற்கும் அது பதில் இல்லை.

சின்னப் பட்டறைதான் ஏமாறும் என்று நினைக்காதீர்கள். 2023 ஆகஸ்டில் இலங்கை அரசின் மின்னஞ்சல் சேவையை ரான்சம்வேர் தாக்கியது. மே 17 முதல் ஆகஸ்ட் 26 வரையிலான கடிதங்கள் போனது போனதுதான். பாதிக்கப்பட்டவை சுமார் 5,000 முகவரிகள். பேக்கப்பும் அதே இணைப்பிலேயே இருந்ததால் அதையும் சேர்த்துப் பூட்டிவிட்டது. 2025 செப்டம்பரில் தென்கொரியாவின் டேஜான் நகர அரசு தரவு மையத்தில் தீ. அரசு ஊழியர்கள் கோப்புகள் வைத்திருந்த ஜி-டிரைவ் சேமிப்பகம், 858 டெராபைட், வெளியில் பிரதி இல்லாமல் சாம்பல். சாம்சங் பிறந்த நாட்டிலேயே இந்தக் கதி என்றால் நம்ம பட்டறை எம்மாத்திரம்?

சரி, டிஸ்க் சாவதிலிருந்தாவது முழுசாகக் காப்பாற்றுமா? காசு மிச்சம் என்று ரெய்டு 5 போடுகிறார்கள். 4 டெராபைட் டிஸ்க் நாலு. ஒன்று செத்தால் புதுசை மாட்டி, மிச்சம் மூன்றையும், அதாவது 12 டெராபைட்டையும், ஒரு எழுத்து விடாமல் படித்துத்தான் பழையபடி கட்ட முடியும். சாதாரண டிஸ்க்குகள் பலவற்றின் விவரத்தாளில் ஏறக்குறைய 12.5 டெராபைட்டுக்கு ஒரு படிப்புப் பிழை வரலாம் என்றே போட்டிருக்கும். நடைமுறையில் அதைவிட நன்றாகவே ஓடும், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் நாலையும் ஒரே நாளில், ஒரே கடையில் வாங்கி, ஒரே சூட்டில் ஓட்டியிருக்கிறோம். ஒன்று செத்த நேரத்தில் மற்றதற்கும் வயசாகியிருக்கும். அதனால்தான் ரெண்டு டிஸ்க் போனாலும் தாங்கும் ரெய்டு 6 என்று ஒன்று வந்தது.

இதெல்லாம் நமக்குப் புதிய பாடமும் இல்லை. சீவக சிந்தாமணியின் சுவடிகளை உ.வே.சா. பல இடங்களிலிருந்து சேகரித்து, ஒப்பிட்டுப் பார்த்து 1887-ல் அச்சில் கொண்டுவந்தார். பிரதிகள் பல வீடுகளில் இருந்ததால்தான் அது முடிந்தது. ஒரு வீட்டில் கரையான் தின்றாலும் இன்னொரு ஊரில் இருந்தது. 1981-ல் யாழ்ப்பாண நூலகம் எரிந்தபோது, வேறெங்கும் பிரதி இல்லாத சுவடிகள் திரும்பவே இல்லை. ஒரே அலமாரியில் பத்துப் பிரதி வைத்தாலும் நெருப்புக்கு அது ஒரே பிரதிதான்.

"அப்போ ரெய்டே வேண்டாமா?" என்று கேட்காதீர்கள். வேண்டும். டிஸ்க் செத்தாலும் வேலை நிற்காமல் ஓட அது வேண்டும். அது காரில் இருக்கும் ஸ்டெப்னி மாதிரி. ஸ்டெப்னி இருக்கிறது என்று யாராவது இன்ஷூரன்ஸ் போடாமல் விடுவார்களா?

"சின்னக் கம்பெனி, காசு ஏது?" என்பார்கள். ரெய்டுக்கு ரெண்டாவது டிஸ்க் வாங்கக் காசு இருந்ததே! ரெண்டு யூஎஸ்பி டிஸ்க் வாங்குங்கள். ஒன்றில் சாயங்காலம் நகல் எடுத்து, கழற்றி, முதலாளி வீட்டுக்கு எடுத்துப் போகட்டும். மறுநாள் மற்றது. கழற்றி வைத்த டிஸ்க்கை எந்த வைரஸும் தொடாது. பழைய நகல்கள் சிலவற்றையும் சில மாதங்களாவது விட்டு வையுங்கள், மூன்று வாரம் கழித்துத் தெரியும் தவறுக்கு அதுதான் மருந்து. மாசத்துக்கு ஒரு தடவை அதிலிருந்து ஒரு ஃபைலை எடுத்துத் திறந்து பாருங்கள். திறந்து பார்க்காத பேக்கப் வெறும் நம்பிக்கை.

கடைசியாக, பாடம் நடத்துகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. "ரெய்டு வகைகளை ஒப்பிடுக" என்று கேட்கிறீர்கள், நாங்களும் படம் போட்டு மார்க் வாங்குகிறோம். ஒரு லேபிலாவது ஒரு ஃபோல்டரை அழித்துவிட்டு "இப்போ மீட்டுக் கொடு" என்று சொல்லுங்கள். அன்றைக்குத் தெரிந்திருந்தால் நான் தலையாட்டியிருக்க மாட்டேன். அந்த அக்காவும் அழுதிருக்க மாட்டார்.