பி.டி. பருத்தியை சுற்றி 5 வரிசை விதி: விவசாயிகள் கண்டுகொள்ளாதது ஏன்?

பெரம்பலூர்:
பி.டி. பருத்தி விதை வாங்கியவர்களுக்கு அந்த சின்ன பாக்கெட் ஞாபகம் இருக்கும். பெரிய பாக்கெட் 450 கிராம், கூடவே 120 கிராமில் ஒரு குட்டி பாக்கெட். அதை பலர் வரப்போரம் தூக்கிப் போட்டார்கள். முளைக்காத குழியில் ஊன்றியவர்களும் உண்டு. சொன்னபடி வயலை சுற்றி விதைத்தவர்கள் குறைவு.

குட்டி பாக்கெட்டில் இருந்தது மரபணு மாற்றாத சாதா பருத்தி விதை. 2002-ல் பி.டி. பருத்திக்கு மத்திய அரசு அனுமதி கொடுத்தபோதே ஒரு நிபந்தனை போட்டது. வயலை சுற்றி 5 வரிசை அல்லது மொத்த பரப்பில் 20 சதவீதம், இதில் எது அதிகமோ அந்த அளவுக்கு சாதா பருத்தி போட வேண்டும்.

எதற்கு இந்த விதி?

பி.டி. செடி காய்ப்புழுவை கொல்லும் நஞ்சை தானே சுரக்கும். அதிலும் ஒன்றிரண்டு புழு தப்பிக்கும். தப்பியவை தங்களுக்குள் ஜோடி சேர்ந்தால் பிறப்பது எல்லாம் நஞ்சுக்கு அசராத புழுதான். பக்கத்தில் சாதா பருத்தி இருந்தால், அதில் வளர்ந்த அந்துப்பூச்சியோடு இவை சேரும். அப்படி பிறக்கும் புழு பெரும்பாலும் நஞ்சுக்கு செத்துவிடும்.

கால் ஏக்கர் போச்சு

விதி சரிதான், நஷ்டம் யாருக்கு என்பதே விவசாயிகளின் கேள்வி. சதுரமான ஒரு ஏக்கர் ஒரு பக்கம் சுமார் 208 அடி. 3 அடி இடைவெளியில் 5 வரிசை என்றால் 15 அடி. நாலு பக்கமும் சேர்த்தால் சுமார் 27 சென்ட். அதாவது, நிலம் சின்னதாக சின்னதாக விதியின் சுமை கூடுகிறது. மழையை நம்பி ஒரு ஏக்கர் பருத்தி போடுகிறவர், கால் ஏக்கரை புழுவுக்கு விடச் சொன்னால் விடுவாரா?

குட்டி பாக்கெட் விதை சரியாக முளைக்கவில்லை என்ற புகாரும் இருந்தது. சில கம்பெனிகள் பருத்திக்கு பதிலாக துவரை கொடுத்தன. துவரை பச்சை காய்ப்புழுவுக்கு சரி. இளஞ்சிவப்பு காய்ப்புழுவுக்கோ பருத்திதான் தீனி. அதற்கு துவரை உதவாது.

விளைவு என்ன?

2006-ல் இரண்டு நஞ்சு சுரக்கும் ரகம் வந்தது. அதையும் இளஞ்சிவப்பு காய்ப்புழு ஜெயித்துவிட்டது. 2017-ல் மகாராஷ்டிராவில் பெரிய சேதம். அதற்குப்பின் புது ரகம் எதற்கும் அனுமதி இல்லை. விதைக்கும் காசு, மருந்துக்கும் காசு என்று இரட்டை செலவு.

இப்போது 475 கிராம் பையில் 5 முதல் 10 சதவீதம் சாதா விதை கலந்தே வருகிறது. விவசாயி தனியாக விதைக்க வேண்டியதில்லை. விதி நடைமுறைக்கு வந்துவிட்டது, ஆனால் காலம் கடந்து வந்திருக்கிறது.

நாளைக்கு வேறு மரபணு மாற்று பயிர் வந்தாலும் இதே வரப்பு பிரச்சினை வரும். ஊருக்கே நன்மை தரும் விதிக்கு ஒரு ஏக்கர்காரர் மட்டும் விலை கொடுக்க முடியாது. விட்டுக்கொடுக்கும் நிலத்துக்கு ஈடு, முளைக்கிற விதை, விதைக்கும் முன்பே புரியும்படி விளக்கம். இந்த மூன்றும் இல்லாத விதி மறுபடியும் வரப்போரம்தான் கிடக்கும்.